சபை தன் அங்கத்தினரிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்: வேலூர்ப் பகுதிச் சபைக் குழுக்களுக்கு

கல்யாண ஓலை, அதாவது ஆராதனையில் சொல்லும் திருமண அறிவிப்பு, வாசிக்கக் கேட்டு ஒரு குடும்பம் வருகிறது. பொருளாளர் சந்தா ஏட்டைப் புரட்டுகிறார். மூன்று வருஷப் பாக்கி. வாலாஜா, குடியாத்தம், ஆம்பூர், காட்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும், சபை தன்னிடம் எதையோ எதிர்பார்த்திருந்தது என்று பல குடும்பங்களுக்குத் தெரியவருவது அன்றைக்குத்தான். நடுவில் அந்த வீட்டுக்கு யாராவது போனார்களா, மகன் வேலையை விட்டது தெரியுமா என்று கேட்டால் பதில் இருக்காது.

எதிர்பார்ப்பு இருப்பதில் தவறில்லை. அதைச் சொல்லாமல் வைத்திருந்து, கல்யாணத்திலும் சாவிலும் வசூலிப்பதுதான் தவறு. குறைவாகக் கேளுங்கள், முன்கூட்டியே கேளுங்கள், வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கீழே உள்ளதெல்லாம் இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்பதுதான். வாக்குரிமை, கமிட்டித் தேர்தல் போன்றவற்றுக்கு சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளுக்குத் தனித்தனிச் சட்டவிதிகள் உண்டு. இது அவற்றுக்கு மாற்று அல்ல. அந்த விதிகள் பேசாத அன்றாட விஷயங்களுக்கானது.

முதல் வேலை: டாப்பு (அங்கத்தினர் பதிவேடு)

யார் அங்கத்தினர் என்று தெரியாமல் அவர்களிடம் என்ன கேட்பது என்று பேச முடியாது. பெரும்பாலான சபை டாப்புகளில் இறந்தவர்கள் இருப்பார்கள், பெங்களூரில் குடியேறி அங்கேயே வேறு சபையில் சேர்ந்தவர்கள் இருப்பார்கள். வாராவாரம் மூன்றாவது வரிசையில் உட்காருகிறவர் இருக்க மாட்டார்.

இந்த வேலைக்கு ஐந்து பேர் கொண்ட குழு போதும். அதில் இரண்டு பெண்கள், முப்பது வயதுக்குள் ஒருவர், தினக்கூலிக்கோ பீஸ் ரேட்டுக்கோ வேலை செய்யும் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் மட்டும் உட்கார்ந்து எழுதும் விதிகள், மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வீட்டை மனதில் வைத்தே எழுதப்படும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன் உட்காருகிற பெண்ணுக்கும் பீடி சுற்றுகிற அம்மாவுக்கும் அவை பொருந்தா.

சபையின் குடும்பங்களை ஐந்தாகப் பிரியுங்கள்: வாராவாரம் வருபவர்கள், மாதம் ஒன்றிரண்டு தரம் வருபவர்கள், கிறிஸ்துமஸ், வருஷப்பிறப்பு, பெரிய வெள்ளி, ஈஸ்டருக்கு மட்டும் வருபவர்கள், வெளியூரில், பட்டாளத்தில், வளைகுடாவில் இருப்பவர்கள், டாப்பில் பெயரில்லாமல் வந்துகொண்டிருப்பவர்கள். நான்காவது பிரிவு இந்தப் பக்கத்தில் பெரியது. கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் உள்ள மாவட்டம் இது. ஐந்தாவது பிரிவை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வேலூர் டவுனிலும் காட்பாடியிலும் நர்சிங் படிக்க வந்த வடகிழக்குப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், சிகிச்சைக்காக மாசக்கணக்கில் லாட்ஜில் தங்கும் ஜார்க்கண்ட், வங்காளக் குடும்பங்கள் இதில் வருவார்கள்.

அதே ஐந்தாவது பிரிவில் இன்னொரு வகையினரும் உண்டு, பேசத் தயங்குகிற வகை. வருஷக்கணக்காக வருவார்கள், ஞானஸ்நானம் மட்டும் தள்ளிப்போடுவார்கள். காரணம் பல வீடுகளில் சாதிச் சான்றிதழ். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அப்படி மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பிள்ளையின் கல்லூரி இடமும் உதவித்தொகையும் இதில் தொங்குகின்றன. இவர்களைப் பெயர் கொடுக்கச் சொல்லி நெருக்காதீர்கள். அதிகாரியிடம் ஒன்று, டாப்பில் ஒன்று என்று எழுதிக்கொள்ள யோசனையும் சொல்லாதீர்கள். ‘சபையில் பங்கெடுப்போர்’ என்று ஒரு பக்கம் வைத்தால் போதும். அவர்கள் வீட்டையும் சந்தியுங்கள், வாக்குரிமையும் பொறுப்பும் வேண்டாம், சந்தாவும் கேட்க வேண்டாம். முடிவு அவர்களுடையது.

பிறகு வீட்டுச் சந்திப்பு. 120 குடும்பம் உள்ள சபைக்குக் கணக்கு இது: இரண்டிரண்டு பேராக நான்கு ஜோடி, வாரம் ஒரு மாலை, ஒரு மாலைக்கு மூன்று வீடு. வாரத்துக்குப் பன்னிரண்டு வீடு, பத்து வாரம். பூட்டிய வீடுகளுக்காக இன்னும் இரண்டு வாரம். செப்டம்பர் முதல் வாரம் தொடங்கினால் அட்வெந்துக்குள் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின் காலம்) முடிந்துவிடும். கேரல் ரவுண்ட்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு முப்பது பேர் வாசலில் நின்று இரண்டு பாட்டுப் பாடி, ஜெபித்து, கவர் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது சந்திப்பு ஆகாது.

இந்தச் சந்திப்பில் மூன்று கேள்வி மட்டும்: வீட்டில் யார் யார், என்ன வேலை, எந்த ஷிஃப்ட்? சபை உங்களுக்கு என்ன செய்யவில்லை? உங்களால் சபைக்கு எது முடியும்? சந்தா நோட்டு பையில்கூட இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் வராது.

ஒரே பக்கம், ஏழு வரி

வீடு வீடாகக் கேட்டதை வைத்து எதிர்பார்ப்புகளை எழுதுங்கள். ஏ4 தாளில் ஒரே பக்கம், ஏழு வரிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வரியையும் சேர்க்கும் முன் மூன்று விதமாகச் சோதியுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நடந்ததா இல்லையா என்று தெரியுமா? சபையிலேயே மிகக் குறைந்த வருமானம் உள்ள வீட்டால் முடியுமா? கேட்கிற நாம் அதற்கு ஈடாக எதைத் தருகிறோம்?

‘ஆவிக்குரிய வாழ்வில் வளர வேண்டும்’ என்பது முதல் சோதனையிலேயே விழும். அதை நல்ல மனசுள்ளவர்கள் படித்துக் கவலைப்படுவார்கள், மற்றவர்கள் தங்களுக்கு அது ஏற்கெனவே ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ‘மாதம் மூன்று ஞாயிறு ஆராதனை’ நிற்கும். ‘வருஷத்துக்கு 5,000 ரூபாய்’ இரண்டாவதில் விழும்.

ஒரு சராசரிச் சபைக்குப் பொருந்தக்கூடிய ஏழு: மாதம் மூன்று ஞாயிறு ஆராதனை, அல்லது டியூட்டி காரணமாக அதற்கு ஈடு; வீட்டில் தினமும் வேதவாசிப்பும் ஜெபமும்; வருமானத்துக்கு ஏற்ற காணிக்கை, அளவைக் குடும்பமே சொல்லும்; மாதம் இரண்டு மணி நேரச் சபை வேலை; சாதி பார்க்காமல் ஒரே பந்தி, ஒரே கல்லறை; வரதட்சணை கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை; சபைத் தகராறை முதலில் நேரில், பிறகு சாட்சியோடு, பிறகே கமிட்டிக்கு (மத்தேயு 18). தினசரி ஜெபத்தை வெளியிலிருந்து பார்க்க முடியாதே என்றால், ஆமாம், அது ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அது இல்லாத பக்கத்தை எந்தச் சபையும் ஏற்காது.

தாளின் பின்பக்கம் சபை கொடுப்பது. வருஷத்துக்கு ஒரு முறையாவது ஆயர் வீட்டுக்கு வருவார். ஆஸ்பத்திரியில் சேர்த்தால், தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் கட்டில் பக்கம் நிற்பார். மாதாந்திர வரவு செலவு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். தணிக்கை செய்த கணக்கு சங்கக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே கையில் கிடைக்கும். பின்பக்கத்தை எழுத முடியாத கமிட்டி முன்பக்கத்தை அச்சடிக்க வேண்டாம்.

ஆராதனை

பழைய சபைகள் எவ்வளவு குறைவாகக் கேட்டிருக்கின்றன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம், ஈஸ்டர் உட்பட வருஷத்துக்கு மூன்று தடவையாவது திருவிருந்து எடுக்கச் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை ஞாயிறும் கடன் திருநாட்களும் திருப்பலி, வருஷத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம், பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தில் நற்கருணை என்கிறது. எண் சொல்லப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘தவறாமல் வர வேண்டும்’ என்று சொன்னால் நான்கு வாரம் தவறியவர் வெட்கப்பட்டு ஐந்தாவது வாரமும் வர மாட்டார். எண் இருந்தால் திரும்பி வர வழி இருக்கும்.

வேலூரில் ஞாயிறு காலை என்பது எல்லோருக்கும் ஞாயிறு காலை அல்ல. நர்ஸ், ஆஸ்பத்திரி அட்டெண்டர், செக்யூரிட்டி, பஸ் டிரைவர், ஓட்டலில் வேலை செய்பவர் ஆகியோரின் ட்யூட்டி ரோஸ்டர் மாறிக்கொண்டே இருக்கும். இவர்களுக்கு ஈடு என்ன என்பதைத் தாளிலேயே எழுதுங்கள்: ஞாயிறு மாலை ஆராதனை, இல்லாவிட்டால் வாரத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம், இரண்டும் முடியாத மாதம் ஆயரிடம் ஒரு போன். நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்து பின் பெஞ்சில் கண் அயர்ந்துவிடுகிறவரை யாரும் தட்டி எழுப்ப வேண்டாம். வந்திருக்கிறார், அது போதும்.

வருகையைப் பதிவதற்குக் கையெழுத்து நோட்டு வைக்காதீர்கள். பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும். வீட்டுச் சந்திப்புக்குப் போன ஜோடி, தங்கள் பொறுப்பிலுள்ள முப்பது வீட்டில் இன்று யாரைக் காணோம் என்று பார்த்துக்கொள்வது போதும்.

பணம்

சண்டை வருவது இங்கேதான், அதனால் விரிவாகவே.

எல்லோருக்கும் ஒரே சந்தா என்பது சமத்துவம் மாதிரித் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 100 ரூபாய் சந்தா: 12,000 சம்பாதிக்கும் வீட்டுக்கு அது வருமானத்தில் 0.83 சதவீதம், 70,000 சம்பாதிக்கும் வீட்டுக்கு 0.14 சதவீதம். ஏழை வீடு ஆறு மடங்கு பாரம் சுமக்கிறது, பாக்கிப் பட்டியலில் வருவதும் அந்த வீடுதான். சட்டவிதிப்படி வாக்குரிமைக்கு ஒரு குறைந்தபட்சச் சந்தா வேண்டுமானால் அதைப் பத்து, இருபது ரூபாய் அளவில் வைத்துவிட்டு, மீதியைக் குடும்பமே தீர்மானிக்கும் காணிக்கையாக விடுங்கள்.

வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தைப் பிரசங்கியுங்கள், நிபந்தனையாக்காதீர்கள். நிபந்தனையாக்கிய இடத்தில் இரண்டு நடக்கும். வருமானத்தைக் குறைத்துச் சொல்வார்கள், அல்லது கடன் வாங்கிக் கொடுப்பார்கள். மகளிர் குழுக் கடன் தவணையும் சீட்டும் போக மிச்சத்தில் குடும்பம் ஓட்டுகிற வீட்டில் பத்து சதவீதம் என்பது பிள்ளையின் ஸ்கூல் பீஸ். ஒன்றும் கொடுக்காத வீட்டை ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவருவது, இரண்டு சதவீத வீட்டைப் பத்துக்கு இழுப்பதைவிட நிலைக்கும். கையில் காசில்லாத வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் பிடி அரிசி நல்ல பழக்கம். அதை ஞாயிறன்று அளந்து, ஏலம் போடாமல், அரிசி தேவைப்படும் வீட்டுக்கே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

முறை இப்படி: நவம்பரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கவரும் சீட்டும் போகும். ‘வருகிற ஆண்டு மாதம் எங்களால் முடிந்தது ரூ. ____’. ஒட்டிய கவரை ஆயரும் பொருளாளரும் மட்டும் பிரிப்பார்கள். மொத்தத்தை வைத்து பட்ஜெட். வேலை போனாலும், ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும், தோல் ஷாப்பில் ஆர்டர் நின்று ஆள் குறைத்தாலும், காரணம் கேட்காமல் தொகையை மாற்றிக்கொள்ளலாம் என்று சீட்டிலேயே அச்சிடுங்கள். மார்ச் 31 அன்று நின்றுபோன பாக்கி எல்லாம் ரத்து. ஏட்டில் சிவப்புக் கோடு போட்டு முடித்துவிடுங்கள். ரத்து செய்தால் யாரும் தர மாட்டார்களே என்று பொருளாளர்கள் பயப்படுவார்கள். மூன்று வருஷப் பாக்கியை யாரும் எப்படியும் தருவதில்லை. பாக்கிக்குப் பயந்து ஆராதனைக்கு வராமல் இருப்பதுதான் நடக்கிறது.

வசூலும் சந்திப்பும் ஒன்றோடொன்று கலந்தால் கெடும் என்று மேலே சொன்னோம். ஆனால் வரலாற்றில் அது நல்லபடி நடந்த ஓர் இடமும் உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்டுகள் கட்டடக் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று பிரித்தார்கள். கொடுக்க முடியாதவர் பங்கைத் தலைவரே போடுவார். வாராவாரம் வீட்டுக்குப் போன தலைவர்கள் அங்கே குடியையும் சண்டையையும் நோயையும் கண்டார்கள். அவர்கள் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதையே மேய்ப்புப் பணிக்கான அமைப்பாக மாற்றினார். இதில் முக்கியம், முடியாதவர் பங்கை யார் போடுவது என்பது முதல் நாளே தீர்மானமாகி இருந்தது. உங்கள் பட்ஜெட்டிலும் அப்படி ஒரு வரி இருக்கட்டும்.

எண்ணுவதற்கு எப்போதும் இரண்டு பேர், உறவுக்காரர்களாக இருக்கக் கூடாது. ஆராதனை முடிந்ததும் கோயிலிலேயே எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்டு, திங்கள்கிழமை வங்கியில் கட்டிவிட வேண்டும். க்யூஆர் அட்டை சபையின் வங்கிக் கணக்கோடு இணைந்ததாக இருக்கட்டும். பொருளாளரின் சொந்த ஜிபே நம்பர், ‘தற்காலிகமாக’ என்றாலும், வேண்டாம். அடுத்த தேர்தலில் நாற்காலி பறப்பது அதிலிருந்துதான்.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குத் தனி எச்சரிக்கை. பூசணிக்காயும் சேவலும் முதல் பழமும் ஏலத்துக்கு வரும்போது உற்சாகத்தில் 200 ரூபாய்ச் சேவல் 6,000க்குப் போகும். கைதட்டல் முடிந்த பிறகு அது ஏட்டில் கடனாக ஏறி, வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஒரு விதி போதும்: அன்றே ரொக்கம் அல்லது க்யூஆர், கடன் ஏலம் கிடையாது. தொகை ஐந்தில் ஒன்றாகக் குறையலாம், ஆனால் அத்தனையும் கையில் இருக்கும். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஆராதனையில் வாசிப்பதையும் இதோடு நிறுத்துங்கள். வாசிக்கப்படாதவர் வீட்டில் அன்றைக்கு என்ன பேசுவார்கள் என்று யோசித்தால் போதும்.

வேலை

மாதம் இரண்டு மணி நேரம். அதற்குமேல் கேட்டால் எப்போதும் செய்கிற அதே பதினைந்து பேர்தான் செய்வார்கள், மற்றவர்கள் அது அவர்கள் வேலை என்று ஒதுங்குவார்கள். ‘ஊழியத்தில் பங்கெடுங்கள்’ என்று அறிவிப்பதில் பயனில்லை. வேலைகளை எழுதி, நேரத்தோடு ஒட்டுங்கள்: சனி மாலை கூட்டிப் பாய் விரிப்பது, மைக் செட், சண்டே ஸ்கூல், திருவிருந்துப் பாத்திரங்கள் கழுவுவது, கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டுவது, வயதானவர்களை ஆட்டோவில் கூட்டிவருவது.

வேலூருக்கே உரிய இரண்டு வேலை உண்டு. ஒன்று, சி.எம்.சியில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) வெளிமாநிலத்து நோயாளிகளுக்கு இந்தி, வங்காளம் பேசி வழிகாட்டுவது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்கள் சபையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் இந்தி அங்கே பொன். இரண்டு, ரத்தம். அறுவைக்கு ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னால் ஊருக்குப் புதிய குடும்பம் எங்கே போகும்? சபையில் ரத்தவகைப் பட்டியல் ஒன்று வையுங்கள். 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். கடைசியாகக் கொடுத்த தேதியை ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறித்துவைக்காவிட்டால், ராத்திரி அவசரத்தில் தகுதியில்லாத நான்கு பேரை அழைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சண்டே ஸ்கூல் மட்டும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற வேலை அல்ல. ஆறு மாதமாவது சபைக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒரு வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தே இருக்கட்டும். பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாகத் தெரிந்தால் கமிட்டியைக் கூட்டி விசாரிக்கக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாதது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. சபையின் பேர் கெட்டுவிடும் என்று சொல்கிறவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரே பந்தி

இந்தப் பகுதியில் சபைகளைத் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கும் முன்பே, 1850இல், சென்னை மிஷனெரி மாநாடு சாதியை விடாதவர்களைச் சபையில் சேர்க்கக் கூடாது, உடன் உண்பதே அதற்குச் சோதனை என்று தீர்மானித்தது. லீப்சிக் லுத்தரன் மிஷன் உடன்படவில்லை. அந்தச் சோதனையின் கடுமையைப் பற்றி இன்றும் வாதாடலாம். ஆனால் அந்த மாநாடு கேட்டது மனசை அல்ல, வெளியில் தெரிகிற ஒரு செயலை.

இன்று தனிப் பந்தி இல்லை என்று எல்லாச் சபையும் சொல்லும். அதை நம்பாமல் வீட்டு ஜெபக்கூட்டப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். போன வருஷம் எத்தனை கூட்டம் காலனி வீடுகளில் நடந்தது? நடந்த வீடுகளில் டீ குடித்தார்களா, ‘இப்போதுதான் குடிச்சிட்டு வர்றோம்’ என்றார்களா? சபை விருந்துக்குச் சமைப்பது எப்போதும் ஒரே தெருவா? பட்டியலை அகரவரிசையில் போட்டுச் சுற்றுக்கு விட்டால் பாதி தீர்ந்துவிடும். தெரு சொல்லித் தப்பிக்க வழியிருக்காது. கல்லறையில் இன்ன குடும்பத்துக்கு இன்ன மூலை என்று இருந்தால், அடுத்த குழியிலிருந்து வரிசைப்படி என்று கமிட்டித் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தைச் சாவு வீட்டில் அல்ல, அமைதியான ஒரு மாதத்தில் போட வேண்டும்.

வரதட்சணை 1961 முதல் சட்டப்படியே குற்றம். நகைக்கணக்கைத் துருவிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ஓலை வாசிக்கும் முன் ஆயர் இரண்டு வீட்டாரையும் தனித்தனியாக அழைத்து, பெண்ணிடம் தனியாகவும், ஒரே கேள்வி கேட்கலாம். சும்மா கேட்பதே சில பேரங்களை நிறுத்தும்.

புதியவர்கள்

நான்கு சந்திப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். முதலாவது விசுவாசம், இரண்டாவது ஞானஸ்நானமும் திருவிருந்தும், மூன்றாவது சபை எப்படி நடக்கிறது, பணம் எங்கே போகிறது, நான்காவது அந்த ஒரு பக்கத் தாள். மூன்றாவதைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள், பின்னால் வரும் சண்டைகளில் முக்கால்வாசி அங்கேதான் முளைக்கிறது. வேறு சபையிலிருந்து வருபவரிடம் மாற்றுச் சான்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த ஆயருக்கு ஒரு போன். கோபித்துக்கொண்டு வந்தவர் என்றால் ஆறு மாதம் பொறுப்பு எதுவும் கொடுக்க வேண்டாம்.

ஏற்றுக்கொள்வதற்கு ஜனவரி முதல் ஞாயிறு பொருத்தமான நாள். 1755இல் வெஸ்லி தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை சி.எஸ்.ஐயின் பொது ஆராதனைப் புத்தகத்திலும் இருக்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவில் எல்லோரும் வரிசையில் நின்று வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். நம் பக்கத்து வாக்குறுதியைச் சொல்ல ஒரு நாள் ஒதுக்கினால் கெட்டுவிடாது. அன்று புதியவர்கள் மட்டுமல்ல, சபை முழுவதும் எழுந்து நின்று தாளைச் சேர்ந்து வாசிக்கட்டும். கையெழுத்து வாங்க வேண்டாம், அது பிற்பாடு கமிட்டித் தகராறில் ஆதாரமாக நீட்டப்படும்.

தவறும்போது

மூன்று ஞாயிறு காணோம் என்றால் ஜோடியில் ஒருவர் போன் செய்ய வேண்டும். ‘ஏன் வரலை’ என்று ஆரம்பிக்காமல் ‘உடம்பு சௌக்கியமா’ என்று கேட்பது நல்லது. ஆறு ஞாயிறானால் இருவரும் வீட்டுக்கு. மூன்று மாதமானால் ஆயர். ஒரு வருஷம் வராமல், இரண்டு முறை நேரில் பார்த்தும் மனமில்லை என்றால், பெயரை வேறு பட்டியலுக்கு மாற்றி அதைக் கடிதமாகத் தெரிவியுங்கள். திரும்பி வந்தால் ஒரு ஞாயிறில் பெயரும் திரும்பும். அபராதம், மன்னிப்புக் கடிதம் எதுவும் வேண்டாம். பெயரைச் சபையில் வாசித்து நீக்குவதும் வேண்டாம். மாமன் மச்சான் உறவில் பின்னிய சபைகள் இவை, ஒரு பெயரை வாசித்தால் ஏழு வீடு சேர்ந்து எழுந்துபோகும்.

கண்டிக்கவே வேண்டிய விஷயங்கள் உண்டு: மனைவியை அடிப்பது, சபைப் பணத்தைத் தொட்டது, சாதி சொல்லித் திட்டியது. இங்கே பொறுப்பிலிருந்து உடனே நிறுத்தி வையுங்கள், விசாரணை பிறகு. அடிபட்டவர் தனியாகச் சந்தித்துச் சமாதானமாக வேண்டும் என்று மத்தேயு 18ஐக் காட்டிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அந்தப் பகுதி இரண்டு சமமான சகோதரர்களுக்கு இடையிலான மனஸ்தாபத்துக்கு.

கல்யாணத்துக்கு ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியிருப்பதால் ஆறு வாரம் முன்பே வரச் சொல்லுங்கள். அதுவே எதிர்பார்ப்பு, சந்தா அல்ல. கல்லறைக்கு எந்தப் பாக்கியும் பார்க்கக் கூடாது. குழி வெட்டுபவர் கூலியை முன்பே நிர்ணயித்து போர்டில் எழுதி, முடியாத வீட்டுக்குச் சபையே கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினாலே தாளில் உள்ள ஏழு வரியையும் ஜனங்கள் நம்பிப் படிப்பார்கள்.

வேலைக்காகச் சென்னைக்கோ ஓசூருக்கோ குடிபோகிறவர் மாற்றுச் சான்று கேட்டால் ஒரு வாரத்துக்குள் கொடுங்கள், பாக்கி இருந்தாலும். அங்குள்ள ஆயருக்கு ஒரு போனும் போடுங்கள்: பாட்டுக் குழுவில் இருந்தார், ஓ நெகட்டிவ் ரத்தம், அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று.